மூன்று அறை, இரண்டு ஆசிரியர்: ஒரு கடைமடைப் பள்ளிக்கூடத்தின் கதை

எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய கட்டடத்தை இடித்தது 2022 ஜனவரியில். கொரோனா மூன்றாம் அலைக்காகப் பள்ளிகள் மூடிக் கிடந்த நேரம். சம்பா அறுப்பு தொடங்கியிருந்ததால் ஊரில் பாதிப் பேர் வயலில். பொக்லைன் வந்தது, அரை நாளில் வேலை முடிந்தது. வேடிக்கை பார்க்க ஓடிவந்த பிள்ளைகள், கரும்பலகைச் சுவர் சாய்ந்தபோது கைதட்டினார்கள். அதற்குப் பதிலாக இரண்டு வகுப்பறை எழும்பித் திறக்க இரண்டு வருடம் ஆனது. திறந்து ஆறு மாதம் ஆவதற்குள் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் போய்விட்டார்.

இதில் யாரும் கையூட்டுக் கேட்கவில்லை. யாரும் கோப்பை வேண்டுமென்று மூலையில் போடவும் இல்லை. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகவே செய்தார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊழல் என்றால் ஒரு வரியில் முடிந்துபோகும் விஷயம் இது.

நான் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து 2025இல் ஓய்வு பெற்றவன். மயிலாடுதுறை மாவட்டத்தில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், ஒரு வாய்க்கால் கரையோரம் இருக்கும் ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி. இடிப்பதற்கு முன் 63 பிள்ளைகள், மூன்று ஆசிரியர், மூன்று அறை. அதில் இரண்டு அறை அறுபதுகளில் கட்டிய ஓட்டுக் கட்டடம். மூன்றாவது, சர்வ சிக்ஷா அபியான் என்ற டெல்லித் திட்டத்தின் காசில் வந்த கான்கிரீட் அறை. ஊர்ப் பெயர் வேண்டாம். டெல்டாவில் இதே மாதிரி நூறு பள்ளி இருக்கிறது.

யாருடைய பள்ளிக்கூடம்?

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருந்த அம்மா நடவுக்குப் போகிறவர். ஒருநாள் என்னிடம் கேட்டார்: "ஒன்றியங்கிறாங்க, சி.இ.ஓ.ங்கிறாங்க, கலெக்டருங்கிறாங்க. இந்தப் பள்ளிக்கொடம் யாருதுதான் சார்?"

சி.இ.ஓ. என்றால் மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலர். முப்பது வருடச் சர்வீஸில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. பதில் சொல்ல எனக்குச் சாயங்காலம் வரை ஆனது.

கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துடையது. அது ஊரக வளர்ச்சித் துறை. அதற்குள் ஆணி அடிப்பதென்றாலும் வட்டார வளர்ச்சி அலுவலரும் ஒன்றியப் பொறியாளரும்தான். ஆசிரியர்களாகிய நாங்கள் ஒன்றியத்தின் ஆட்கள் இல்லை. 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களை அரசு ஊழியர்களாக எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து சம்பளமும் மாறுதலும் தொடக்கக் கல்வித் துறையிடம், கூரையும் சுவரும் ஒன்றியத்திடம். அந்த மாற்றம் எங்களுக்குப் பெரிய வரம், மறுக்கவில்லை. சம்பளத்துக்காக ஒன்றிய அலுவலக வாசலில் நின்ற கதையைப் பழைய வாத்தியார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஆசிரியரும் கட்டடமும் அன்றைக்குப் பிரிந்தது பிரிந்ததுதான்.

மதியச் சோறு சமூக நலத் துறை. அரிசியிலும் சமையல் செலவிலும் டெல்லிக்குப் பங்கு உண்டு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குத் தலைக்கு 100 கிராம் என்று கணக்கு. முட்டை முழுக்கத் தமிழ்நாட்டுக் காசு. காலை உணவு 2023 ஆகஸ்ட் 25 அன்று எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான நாகப்பட்டினத்தின் திருக்குவளையில் விரிவாக்கம் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. அதைச் சமைப்பது மகளிர் சுய உதவிக் குழு. ஆக ஒரே வளாகத்தில் காலையில் ஒரு கணக்கு, மதியம் ஒரு கணக்கு. பக்கத்திலிருக்கும் அங்கன்வாடி 1975இல் டெல்லி தொடங்கிய திட்டம். அதற்குத் தனிப் பதிவேடு, தனி மேற்பார்வையாளர். புதிய தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயதிலிருந்தே பிள்ளையைப் பள்ளிக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. எங்கள் ஊரில் இரண்டுக்கும் நடுவே ஒரு வேலிக்கருவை இருக்கிறது. அதை வெட்டுவது யார் என்பதே முடிவாகவில்லை.

இதற்கெல்லாம் மேலே டெல்லி. அரசியலமைப்பு எழுதியபோது கல்வி மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு நகர்த்தியது. அப்படியிருந்தும் டெல்லி நேரடியாக நடத்தும் பள்ளி சொற்பம். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக் கேந்திரிய வித்யாலயா மாதிரி அங்கொன்று இங்கொன்று. டெல்லியின் உண்டு உறைவிடப் பள்ளியான நவோதயா தமிழ்நாட்டுக்கு வரவே இல்லை. 2023-24 கணக்குப்படி நாடு முழுக்க 14.72 லட்சம் பள்ளி, 98 லட்சம் ஆசிரியர், 24.8 கோடி மாணவர். இவ்வளவையும் டெல்லி இழுத்துப் பிடிப்பது மூன்று கயிற்றால்: சட்டம், காசு, கணக்கெடுப்பு. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் முதல் கயிறு. 2018இல் பல திட்டங்களை ஒன்றாக்கிய சமக்ர சிக்ஷா இரண்டாவது. அதில் டெல்லி 60, மாநிலம் 40. மூன்றாவது, வருடாவருடம் நாங்கள் நிரப்பும் யூடைஸ் என்ற பள்ளிக் கணக்கெடுப்பு. எங்கள் பள்ளி இந்த மூன்றிலும் மாட்டியது.

"எல்லாருடையதும்தாம்மா" என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "அப்படின்னா யாருதும் இல்லைன்னு சொல்லுங்க" என்றார்.

ஏன் அவ்வளவு அவசரமாக இடித்தார்கள்

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பழுதான பள்ளிக் கட்டடங்களை உடனே இடிக்க உத்தரவு வந்தது. எங்கள் கட்டடம் மோசமானதுதான். மழையில் ஒழுகும், சுவரில் விரல் நுழையும் விரிசல். மூன்று வருடமாக எழுதிப் போட்டது நானே.

டெல்டாக்காரன் யாரும் அந்த உத்தரவைக் குறை சொல்ல மாட்டான். 2004 ஜூலை 16, கும்பகோணம் காசிராமன் தெரு. சத்துணவுச் சமையல் நெருப்பு கீற்றுக் கூரையில் பற்றி 94 பிள்ளைகள் இறந்தார்கள். அன்று நான் வேறொரு பள்ளியில் உதவி ஆசிரியர். மறுவாரமே எங்கள் ஒன்றியத்தில் பள்ளி வளாகத்தில் இருந்த கீற்றுக் கொட்டகைகளையெல்லாம் நாங்களே பிரித்துப் போட்டோம். கும்பகோணத்துக் கட்டடத்துக்குள் அரசு உதவி பெறும் பள்ளியும் ஆங்கில வழிப் பள்ளியும் சேர்ந்தே நடந்தன. அங்கீகாரம் ஓர் அலுவலகம், உதவித்தொகை ஓர் அலுவலகம், சோறு ஓர் அலுவலகம். ஒவ்வொருவரும் தங்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள். மாடிப்படி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்தத் தீயை ஒட்டிய வழக்கில்தான் 2009இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளி என்பதும் கல்வி உரிமையில் அடக்கம் என்று சொன்னது.

ஆகவே இடித்தது சரி. இடிக்கும் உத்தரவும் கட்டும் காசும் வெவ்வேறு வாசலிலிருந்து வந்ததுதான் சிக்கல். இடிக்கச் சொன்ன தாளில் கட்டுவது பற்றி ஒரு வரிகூட இல்லை.

காசு வரும் மாதமும் மண் காயும் மாதமும்

டெல்டாவில் கட்டட வேலைக்கு உகந்த காலம் தை பிறந்து வைகாசி வரை. சம்பா அறுத்து, வாய்க்கால் வற்றி, களிமண் வெடித்துக் கிடக்கும் அந்த நாலு மாதம்தான் பள்ளம் தோண்ட நேரம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் கல்லணை தாண்டிக் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததும் ஊற்று ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் ஊர் மேஸ்திரிக்கு இது தெரியும். சென்னையில் கோப்பு நகர்த்துகிறவருக்கு ஏப்ரல் 1ம் மார்ச் 31ம்தான் தெரியும். அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவருடைய பஞ்சாங்கம் அது.

2022 ஜனவரியில் இடித்தோம். மார்ச் மாத பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிப்பானது, ஐந்து வருடத்துக்கு 7,000 கோடி ரூபாய். மனசு குளிர்ந்தது. ஏப்ரலில் பொறியாளர் வந்து டேப் பிடித்து மதிப்பீடு போட்டார். மண் அப்போது பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "இப்பவே தோண்டலாமே சார்" என்றேன். சிரித்தார். நிர்வாக அனுமதி வராமல் மண்வெட்டி வைத்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

அந்த வருடம் இன்னொரு வேடிக்கை. மேட்டூரில் தண்ணீர் நிறைய இருந்ததால் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் முறை. ஊரே கொண்டாடியது, குறுவைக்கு முன்கூட்டியே நாற்று விட்டார்கள். நானும் குத்தகைக்குக் கொடுத்திருக்கும் ஒன்றரை மா நிலத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பள்ளிக்கூடத்து மனை மட்டும் ஜூன் பாதியிலேயே சொதசொதவென்று ஆகிவிட்டது.

நடுவில் கோப்பு எங்கே என்ற தேடலில் இரண்டு மாதம். மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பர் கடைசியில். அதுவரை நாங்கள் நாகப்பட்டினம். கட்டடம் பழுது என்று நான் முன்பு எழுதிய கடிதங்கள், பழைய ஆய்வு அறிக்கை எல்லாம் நாகையில். மனையின் புல எண்ணில் ஒரு சந்தேகம் வந்ததும் அந்தத் தாள்கள் தேவைப்பட்டன. எங்கள் அலுவலக உதவியாளர் ஒருவர் சொந்த வண்டியில் போய் எடுத்து வந்தார். அவருக்குப் பெட்ரோல் போட்டது நான். எந்தச் செலவு இனத்தில் எழுதுவது?

நிர்வாக அனுமதி செப்டம்பரில் வந்தது. ஒப்பந்தப்புள்ளி, பணி உத்தரவு, அக்டோபர். ஒப்பந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இப்பத் தோண்டுனா குளந்தான் சார் கெடைக்கும். தை கழியட்டும்" என்று போனார். அவர் சொன்னது பலித்தது. நவம்பர் 11, 12இல் சீர்காழியில் 24 மணி நேரத்தில் 44 சென்டிமீட்டர் மழை. மிச்சமிருந்த ஒரே கான்கிரீட் அறையில் இருபது குடும்பம் மூன்று நாள் தங்கியது. தை கழிந்தது, 2023 பிப்ரவரி முதல் வாரம் பருவம் தப்பிய மழை, அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்தது. மாசிக் கடைசியில்தான் மண்வெட்டி வைத்தோம். பூமி பூஜைக்குத் தேங்காய் உடைத்த கையோடு பொறியாளர் கேட்டார்: "மார்ச் 31க்குள்ள அடித்தள பில் போட்டாகணும் சார், முடியுமா?" ராத்திரியும் பகலுமாகக் கான்கிரீட் போட்டார்கள். சரியாகத் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டார்களா என்று நானே சாயங்காலம் சாக்கை நனைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சட்டம் எழுதியவர்கள் ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி வேண்டும் என்று தூரத்தை அளந்தார்கள், ஆசிரியர் விகிதத்தை அளந்தார்கள். பருவத்தை யாரும் அளக்கவில்லை. இந்தியா முழுமைக்கும் ஒரே நிதியாண்டு வைக்கலாம். இந்தியா முழுமைக்கும் ஒரே மண் கிடையாது. இந்தக் கதையில் நான் கண்ட ஒரே பெரிய கோளாறு இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

நூலகத்தில் இரண்டு வருடம்

பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? கோயில் மண்டபம் என்று ஒருவர் சொன்னார். நல்ல விசாலமான மண்டபம், காற்றும் வரும். சொல்லி முடித்ததும் கூட்டத்தில் ஒரு மௌனம். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் காலனித் தெரு. யாரும் ஆகாது என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. "அங்க திருவிழா வேலை இருக்கு சார்" என்றார் ஒருவர். திருவிழாவுக்கு நாலு மாதம் இருந்தது. அதற்குமேல் நான் தோண்டவில்லை, தோண்டியிருக்க வேண்டும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

கடைசியில் கிடைத்தது ஊராட்சி நூலகக் கட்டடம். 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊருக்கு ஊர் கட்டினார்களே, அது. பத்துக்குப் பதினைந்து அடி இருந்தால் அதிகம். முதல் மூன்று வகுப்பை கான்கிரீட் அறையில் வைத்தோம், நான்கும் ஐந்தும் நூலகத்தில். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்து வட்டமாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். திட்டம் நல்ல திட்டம். கொரோனாவில் எழுத்தே மறந்து வந்த பிள்ளைகளுக்கு அது கை கொடுத்தது. ஆனால் முப்பத்தெட்டுப் பிள்ளை இருக்கும் அறையில் மூன்று வட்டம் போட முடியாது. டீச்சர் ஒரு வட்டத்தை வாசல் படியில் போட்டார்.

வருகைப் பதிவு செல்போனில். நூலகத்தில் சிக்னல் கிடையாது. காலை ஒன்பதரைக்கு நான் வாய்க்கால் மதகில் ஏறி நின்று கையைத் தூக்கினால்தான் மாநில அரசின் மாணவர் பதிவேடான எமிஸ் திறக்கும். அந்த வழியாக வேலைக்குப் போகும் பெண்கள், "சார் கும்பிடுறாரு" என்று சிரிப்பார்கள். அதே பிள்ளைகளின் அதே விவரத்தை டெல்லிக்கும் கொடுக்க வேண்டும். பிறந்த தேதி ஆதாரில் ஒரு மாதிரி, எமிஸில் ஒரு மாதிரி இருந்தால் போச்சு, ஒரு பிள்ளைக்கு ஒரு வாரம்.

இதையெல்லாம் பெற்றோர் எவ்வளவு நாள் பார்ப்பார்கள்? 2022 மழைக்குப் பிறகு ஒரு தாய் வந்தார். குரலில் கோபமில்லை. "புள்ள உக்கார ஒரு கூரை வேணாமா சார்? வேன் வாசலுக்கே வருது." டவுனில் ஒரு நர்சரி பிரைமரி. அடுத்த ஜூனில் ஐந்து பிள்ளைகள் வேனில் ஏறினார்கள். அதில் ஒரு பிள்ளைக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் கிடைத்தது, கட்டணத்தை அரசு கட்டும். அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை வெளியே அனுப்ப அரசே காசு கொடுப்பதை நான் அந்தத் தாயிடம் குறையாகச் சொல்ல முடியுமா? அவருக்குச் சட்டம் கொடுத்த உரிமை அது. நான் மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன்.

60

63இல் ஐந்து போனால் 58.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் எண் 60: 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. வருடாவருடம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலையெண்ணிப் பணியாளர் நிர்ணயம் செய்வார்கள். கூடுதலாக இருந்தால் உபரி. உபரி ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்குப் பணி நிரவலில் அனுப்புவார்கள். இந்த விதி இல்லாவிட்டால் டவுன் பக்கத்துப் பள்ளிகளில் ஆசிரியர் குவிந்து, கடைமடையில் ஆளே இருக்காது. அதன் நியாயம் எனக்குத் தெரியும். வேறு வருடங்களில் அந்த விதியால் லாபம் அடைந்தவர்களும் நாங்கள்தான்.

2023 ஆகஸ்ட் 1இல் எங்கள் கட்டடத்துக்கு லிண்டல் மட்டம் வரை சுவர் எழும்பியிருந்தது. எங்கள் எண்ணிக்கை 58. கட்டடம் இல்லாததால்தான் குறைந்தது, கட்டடம் வந்ததும் ஏறும் என்று வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதினேன். நல்ல மனிதர் அவர், எங்கள் நூலகத்தை நேரில் பார்த்தவர். "சார், போர்ட்டல்ல காரணம் எழுதக் கட்டம் இல்ல" என்றார். உண்மைதான். மாணவர் எண்ணிக்கைக்குக் கட்டம் உண்டு. கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கும் யூடைஸில் கட்டம் உண்டு, அதை நான் நிரப்பியும் இருந்தேன். இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும் நாற்காலிதான் இல்லை.

2024 பிப்ரவரியில் புதுக் கட்டடம் திறந்தது. இரண்டு அறை, டைல்ஸ் தரை, சாய்தளம், நாலு மின்விசிறி. பிள்ளைகள் முதல் நாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தார்கள். பழைய கான்கிரீட் அறையோடு சேர்த்து மறுபடி மூன்று அறை. அந்தக் கோடை விடுமுறை முடிவதற்குள் எங்கள் இளைய டீச்சருக்குப் பணி நிரவல் ஆணை. வாசல் படியில் வட்டம் போட்டவர் அவர்தான். அவர் போன பள்ளியில் 70 பிள்ளைக்கு இரண்டு பேர் இருந்தார்களாம், ஆகவே அங்கே அவர் தேவைதான்.

அந்த வருடம் டெல்லிக் காசும் நின்றது. பி.எம். ஸ்ரீ என்ற டெல்லியின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் சமக்ர சிக்ஷாவில் வர வேண்டிய 2,152 கோடி வரவில்லை என்று மாநிலம் சொன்னது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஒப்பந்தம் புதிய கல்விக் கொள்கை பற்றியது, மும்மொழி பற்றியது. எங்கள் பள்ளியில் அது தெரியவந்தது வேறு மாதிரி. காது கேளாத ஒரு பிள்ளைக்காக வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் 2024 செப்டம்பரில் ஒருநாள், "இந்த மாசம் இன்னும் சம்பளம் போடல சார்" என்றார். பஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கொள்ளச் சொன்னேன், மறுத்துவிட்டார். வருவதை நிறுத்தவில்லை.

கட்டடம் பார்த்து வேனிலிருந்து இரண்டு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். 2024 ஆகஸ்ட் 1 அன்று காலை எண்ணினேன். 60. தெருத் தெருவாகப் போய் ஐந்து வயதுப் பிள்ளை எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தோம், ஒன்றுமில்லை.

61ஆவது பிள்ளை ஆகஸ்ட் 12 அன்று சேர்ந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்த குடும்பம் ஊர் திரும்பியிருந்தது. வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போன் போட்டேன். "அடுத்த வருசம் பாத்துக்கலாம் சார்" என்றார். மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டேன். உட்கார இடம் தாராளமாக இருந்தது.